தேருக்கு வெள்ளோட்டம், ரோபோவுக்கு வீக் ஸீரோ

மணி அடித்தாயிற்று. முதல் 15 நொடிக்கு எந்த மாணவரும் கண்ட்ரோலரைத் தொடக் கூடாது. எழுதிக் கொடுத்த புரோகிராமை நம்பி ரோபோ தானே ஓட வேண்டும். சிவப்புக் கூட்டணிக்கு மூன்று, நீலக் கூட்டணிக்கு மூன்று என்று களத்தில் ஆறு ரோபோக்கள். இரண்டு இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஒன்று நேரே போய்த் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று அழகாகக் கையை உயர்த்தி, கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் பிவிசி குழாயை மாட்டிவிட்டு, வந்த வேலை முடிந்தது போலப் பின்வாங்குகிறது. குழாய் தரையில் விழுந்து உருள்கிறது. பார்வையாளர் பக்கம் சிரிப்பு.

அமெரிக்கப் பள்ளி அணிகள் பிப்ரவரியில் ஆடும் பயிற்சி ஆட்டங்களில் இப்படிப்பட்ட காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. இதைப் பார்த்துவிட்டு “இந்த அணி இந்த வருஷம் தேறாது” என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் புதுத் தேர் செய்தாலோ பழைய தேரைச் செப்பனிட்டாலோ, சுவாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் விடுவார்கள். அன்றைக்கு அலங்காரத்தை யாரும் பார்ப்பதில்லை. அச்சு முனகுகிறதா, திருப்பத்தில் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கிறதா என்பதில்தான் ஆசாரியின் கண் இருக்கும். ரோபோ பயிற்சி ஆட்டத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

ஆட்டம் இதுதான்

செக்வே வண்டியைக் கண்டுபிடித்த டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு, 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளை வைத்து முதல் போட்டியை நடத்தியது. ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்’, சுருக்கமாக எஃப்ஆர்சி, என்ற அந்தப் போட்டியில் இன்று பல நாடுகளிலிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளி அணிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை புது ஆட்டத்தின் விதிகளை வெளியிடுவார்கள். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் ஆரம்பத்திலோ முதல் வாரப் போட்டிகள் தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் ஏழெட்டு வாரத்துக்குள் ரோபோவை வரைந்து, அறுத்து, பூட்டி, புரோகிராம் எழுதி ஓட்டிப் பழக வேண்டும்.

முதல் வாரத்துக்கு முந்தைய வாரத்துக்கு ‘வீக் ஸீரோ’ என்று பெயர். நியூ ஹாம்ப்ஷயரில் ஃபர்ஸ்ட் அமைப்பே ஒரு வீக் ஸீரோ நிகழ்ச்சி நடத்துகிறது. மற்ற இடங்களில், களம் போட வசதியுள்ள அணிகள் பக்கத்து ஊர் அணிகளைக் கூப்பிட்டு ‘ஸ்கிரிம்மேஜ்’ நடத்தும். அசல் களத்தின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் களத்தின் முக்கியப் பாகங்களை மரத்தில் செய்துகொள்ள வரைபடங்களை அமைப்பே கொடுக்கிறது. பிளைவுட் பலகையில் எழுந்து நிற்கும் இந்தக் களங்களில்தான் பெரும்பாலான வெள்ளோட்டங்கள் நடக்கின்றன.

75 எப்படி 30 ஆகிறது?

2025-ன் ‘ரீஃப்ஸ்கேப்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ‘பவளம்’ என்று பெயர் வைத்த பிவிசி குழாயை அடுக்கடுக்கான கிளைகளில் மாட்ட வேண்டும். தானியங்கி 15 நொடி முடிந்தபின் மாணவர்கள் 135 நொடி ஓட்டுவார்கள். அந்த நேரத்தில், ஆறடி உயரத்தில் இருக்கும் நான்காம் அடுக்கில் மாட்டினால் 5 புள்ளி. இரண்டாம் அடுக்குக்கு 3. அடியில் இருக்கும் முதல் அடுக்குக்கு 2.

ஓர் அணி தன் பட்டறையில் ஆளில்லாத தரையில் ஓட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயை எடுத்துவந்து நான்காம் அடுக்கில் மாட்டித் திரும்ப 9 நொடி. 135 நொடியில் 15 சுற்று, 75 புள்ளி. பையன்கள் துள்ளிக் குதிப்பார்கள். அதே ரோபோ பயிற்சிக் களத்துக்கு வருகிறது. வழியில் கூட்டாளி ரோபோ குறுக்கே நிற்கிறது, எதிரணி ஒன்று பக்கவாட்டில் இடிக்கிறது, குழாய் எடுக்கும் இடத்தில் வரிசை நிற்கிறது. 9 நொடி 15 நொடியாகிறது. ஒன்பது சுற்றுதான் ஓட முடிகிறது. அதிலும் மூன்றில் ஒரு குழாய் நழுவினால் மிஞ்சுவது ஆறு. ஆறைந்து முப்பது.

இன்னொரு அணி ஆசையைக் குறைத்துக்கொண்டு இரண்டாம் அடுக்கோடு நிற்கிறது. கை அதிகம் உயர வேண்டியதில்லை என்பதால் இடித்தாலும் ரோபோ தள்ளாடாது. நெரிசலிலும் 12 நொடியில் ஒரு சுற்று, ஒன்றுகூட நழுவவில்லை என்றால் பதினொரு குழாய், 33 புள்ளி. முதல் அணியின் பட்டறைக் கணக்கில் பாதியைக்கூட எட்டாத இந்த ரோபோ, களத்தில் அதை மூன்று புள்ளி முந்துகிறது. இவை கணக்குக்காக நான் போட்ட எண்கள்தான். ஆனால் இந்தக் கணக்கைத் தன் சொந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்க்க ஓர் அணிக்குப் பயிற்சி ஆட்டத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. வலைப் பயிற்சியில் சிக்ஸராக விளாசுகிற பேட்ஸ்மேனை, ஃபீல்டிங் நிறுத்தி ஆட வைத்தால்தானே தெரியும்?

சிமெண்டும் கார்பெட்டும்

பெரும்பாலான பட்டறைகளில் சிமெண்ட் தரை. களத்திலோ கார்பெட். சிமெண்ட் தரையில் எழுதிய புரோகிராம் கார்பெட்டில் வேறு மாதிரி ஓடும். சக்கரத்தின் பிடிமானம் மாறுவதால், சக்கரம் எத்தனை சுற்றியது என்பதை வைத்து தூரத்தை அளக்கும் ரோபோ நாலு விரற்கடை தள்ளி நிற்கும். கிளையில் குழாய் மாட்டுவதைக் கெடுக்க அந்த நாலு விரற்கடை போதும். இதைச் சரிகட்டத்தான் களத்தைச் சுற்றி ‘ஏப்ரல்டேக்’ என்ற கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகளை 2023 முதல் ஒட்டுகிறார்கள். ரோபோவின் கேமரா அவற்றைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். பட்டறையின் டியூப்லைட்டுக்கு ஏற்றபடி வைத்த கேமரா, அரங்கத்தின் பெரிய விளக்குகளுக்கு அடியில் கண் கூசிப் போவதும் இங்கேதான் தெரியவரும்.

அடுத்து மின்சாரம். எல்லா ரோபோவும் ஓடுவது ஆறு கிலோ எடையுள்ள ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியில். நான்கு சக்கர மோட்டார்களும் தூக்கும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் மின்னழுத்தம் சரிகிறது. ஏழு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே போனால் ரோபோவின் மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். பார்க்கிறவருக்கு ரோபோ விக்குவது போல இருக்கும். ஓட்டுநரின் கட்டளையை வாங்கும் ரேடியோவுக்குப் போகும் ஒயர் ஒரு கணம் ஆடித் தொடர்பு விட்டால் இன்னும் மோசம். ரேடியோ மறுபடி உயிர்பெற அரை நிமிடமாவது ஆகும். இரண்டரை நிமிட ஆட்டத்தில் அரை நிமிடம் என்பது பெரிய இழப்பு.

எனக்குப் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. ரோபோவின் மொத்த மின்சாரமும் 120 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றின் வழியாகப் போகிறது. அதில் தீப்பெட்டியின் குச்சி முனை மாதிரி ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். ஆபத்து வந்தால் சட்டென்று அழுத்தும்படி அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். கைக்கு எட்டுகிற இடம், எதிரணி ரோபோவின் கைக்கும் எட்டும். இடிபாட்டில் அந்தப் பொத்தான் அழுந்திவிட்டால் அந்தக் கனத்த இயந்திரம் அதே இடத்தில் கல்லாக நிற்கும். பட்டறையில் ஆயிரம் முறை ஓட்டினாலும் இது தெரியாது. அங்கே இடிப்பதற்கு ஆள் ஏது? பயிற்சி ஆட்டத்தில் ஒரு முறை பட்ட அணி, பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வளைத்து அதைச் சுற்றி வேலி கட்டிக்கொள்ளும். செலவு சில ரூபாய்தான்.

எதிரியிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கிரிக்கெட்டில் தொடருக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் முக்கியப் பந்துவீச்சாளரை ஒளித்துவைப்பது பழைய தந்திரம். ரோபோ களத்தில் அது எடுபடாது. காரணம் ஆட்டத்தின் அமைப்பு. லீக் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். பத்து மணிக்கு உங்களை இடித்த அணி பதினொரு மணிக்கு உங்கள் பக்கம் நிற்கும். பிறகு தரவரிசையில் முன்னால் நிற்கும் அணிகள் எட்டுக் கூட்டணிகளின் தலைவர்களாகி, மற்ற அணிகளிலிருந்து தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும். திறமையை மறைத்தவரை யார் கூப்பிடுவார்கள்?

அதனால்தான் பயிற்சி ஆட்டத்தில் எதிரணி ரோபோவின் செயின் அறுந்தால் இந்த அணியின் பிள்ளைகள் ஸ்பேனரோடு ஓடுகிறார்கள். எம்ஐடி பேராசிரியராக இருந்த வுடி ஃப்ளவர்ஸ் இந்தக் குணத்துக்கு ‘கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்’ என்று பெயர் வைத்துப் பரப்பினார். தொழிலில் கறார், பழக்கத்தில் கண்ணியம் என்று சொல்லலாம். நல்ல உள்ளம் ஒரு பக்கம் இருக்க, இதில் கணக்கும் இருக்கிறது. செத்துக் கிடக்கும் ரோபோவோடு மோதிப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம்?

நடுவர்களுக்கும் இது வெள்ளோட்டம்தான். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் மூத்த நடுவரும் ஜனவரியில் புதுமுகமே. ரீஃப்ஸ்கேப்பில் சின்னத் தவறுக்கு எதிரணிக்கு 2 புள்ளி, பெரிய தவறுக்கு 6. அதாவது ஒரு பெரிய தவறு, நான்காம் அடுக்கில் மாட்டிய ஒரு குழாயைவிடக் கனமானது. எது சின்னது, எது பெரியது என்று நடுவரின் கண் பழகும்போதே, ஓட்டுநரின் கையும் பழகிக்கொள்ள வேண்டும்.

பைக்குள் போன ரோபோ

இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பு அண்ணன், அக்காக்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. 2019 வரை, ஆறு வாரச் சொச்சம் முடிந்ததும் ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு எண் பொறித்த பூட்டு மாட்டிவிட வேண்டும். பெரும்பாலும் போட்டிக்குப் போய்த்தான் பிரிக்கலாம். எல்லோருக்கும் ஒரே கால அளவு என்பது நியாயமாகத்தான் தெரிந்தது. நடந்தது வேறு. காசுள்ள அணிகள் அதே ரோபோவை இரண்டாகச் செய்து, ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு மற்றதை வைத்து ஓட்டிப் பழகின. ஒன்றுக்கே தாளம் போட்ட அணிகள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

2020 சீசனோடு இந்தப் பை விதி போனது. அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்து போட்டிகளையே நிறுத்திவிட்டதால் மாற்றத்தின் பலனை அப்போது யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறோம். ஒற்றை ரோபோ வைத்திருக்கும் அணியும் வீக் ஸீரோவில் ஆடி, உடைத்துக்கொண்டு, பட்டறைக்குத் தூக்கிப் போய்ச் சரிசெய்து முதல் வாரத்துக்கு வர முடிகிறது. என்னைக் கேட்டால், பத்தாண்டுகளில் இந்தப் போட்டியில் நடந்த நல்ல மாற்றம் இதுதான். பயிற்சி ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பதற்கு, பயண தூரத்தைத் தவிர இன்று வேறு சாக்கு இல்லை.

ஆனாலும் வீணடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின இரவு வரை புதுப் பாகம் பூட்டி, ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல் கொண்டுவரும் அணி அதில் முதல். பம்பருக்குச் சிவப்புத் துணி மட்டும் தைத்துவிட்டு, நீலக் கூட்டணியில் பெயர் வந்ததும் விழிக்கும் அணி அடுத்தது. மூன்றாவது வகைதான் பரிதாபம். இரண்டு ஆட்டம் ஜெயித்ததும் “இதுபோதும்” என்று ரோபோவை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். உடையாத ரோபோ ஊருக்குத் திரும்பும், உடையவேண்டிய இடம் மார்ச்சில் காத்திருக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை. வீக் ஸீரோவின் நேரலையைப் பார்க்க வாய்த்தால் ஸ்கோரைத் துணிபோட்டு மூடிவிடுங்கள். ஆட்டம் முடிந்து ரோபோவைத் தள்ளிக்கொண்டு போகும்போது யாராவது ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு நடக்கிறாரா என்று பாருங்கள். காலையில் நின்ற காரணத்துக்காகவே மாலையிலும் ஒரு ரோபோ நின்றால் அந்த அணியை மறந்துவிடலாம். காலையில் ரேடியோ ஒயர் கழன்று, மதியம் பேட்டரி சரிந்து, மாலையில் பம்பர் தொங்கி, ஒவ்வொரு முறையும் புதுக் கோளாறோடு தோற்ற அணி ஒன்று இருந்தால் அதன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஹூஸ்டனில் நடக்கும் உலகப் போட்டிக்கு யார் போவார்கள் என்று பந்தயம் கட்டச் சொன்னால், என் காசு அந்த அணியின்மேல்தான்.