கண்ணகிக்குப் போட்ட கோடு

சென்ற மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் இளம் ஆய்வாளர் ஒருவர் பலகையில் கோடு ஒன்று போட்டார். இடது மூலையில், அடிமட்டத்தில், ‘புகார் – அடக்கம்’. வலது மூலையில், உச்சியில், ‘மதுரை – சீற்றம்’. இடையே ஏறிப்போன கோடுதான் கண்ணகியின் ‘கேரக்டர் ஆர்க்’காம். கைதட்டலுக்குக் குறைவில்லை.

திரைக்கதைப் பட்டறைகளில் புழங்கும் இந்த அளவுகோல் நாவல் மதிப்புரைக்கு வந்து, இப்போது காப்பியத்தையும் விட்டுவைக்கவில்லை. பாத்திரம் மாறினால் உயர்வு, மாறாவிட்டால் ‘தட்டை’. சாட்சிக்கு ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டரை இழுப்பார்கள். 1927இல் தட்டை, உருண்டை என்று பிரித்தவர் அவர்தான். டிக்கன்ஸின் ஆட்கள் அநேகமாகத் தட்டையே என்று சொல்லிவிட்டு, அவர்களிடமும் மனித ஆழம் தெரிகிறதே என்று வியந்தவரும் அவர்தான். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

கோவலனுக்கு இந்தக் கோடு பொருந்தும், மறுக்கவில்லை. மதுரை போகும் வழியில் மாதவியின் ஓலையைப் படித்ததும், பிழை தன்னுடையதே என்று உணர்கிறான்.

கண்ணகிக்குத் தொடக்கப் புள்ளியே தவறு. மனையறம் படுத்த காதையில் கோவலன் வாய் ஓயாமல் பாராட்டுகிறான்; அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உடனே ‘அடக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கனாத்திறம் உரைத்த காதைவரை பொறுத்திருக்கலாம். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்கிறாள் தோழி தேவந்தி. அது பெருமையில்லை என்கிறாள் கண்ணகி, அவ்வளவுதான். புருஷனைத் திருப்பித் தரும் தெய்வத்தையே வேண்டாம் என்பவளா அடிமட்டத்தில் கிடப்பவள்? அதற்குச் சற்று முன்புதான் தன் கனவைச் சொல்லியிருக்கிறாள்: வேற்றூர், கோவலனுக்குத் தீங்கு, அரசன்முன் தன் வழக்கு, அரசனுக்கும் ஊருக்கும் கேடு. வழக்குரை காதையைப் புகாரிலேயே அவள் வாயில் வைத்துவிட்டார் இளங்கோ.

அப்போதே கோவலன் வருகிறான், பொருளைத் தொலைத்த வெட்கத்தோடு. அவள் அழவில்லை, ஏசவில்லை. சிரித்த முகமாய், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பிறகு மதுரையில், ஆயர் சேரியில், வாழைக் குருத்திலையில் சோறிட்டு, வெற்றிலையும் கொடுத்தபின், பெரியோர் போற்றாத ஒழுக்கத்தில் நடந்தீர்கள் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அரசவைக்கு இன்னும் நேரமிருக்கிறது. குரல் அதே குரல். எதிரில் நிற்பவர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்: தோழி, கணவன், பாண்டியன்.

இவளுக்கு ஏணி போடுகிறவர்கள் சிலப்பதிகாரம் படித்தவர்கள் அல்லர். 1964இல் வந்த ‘பூம்புகார்’ படத்தைப் பார்த்தவர்கள். அதையும் பாதியிலிருந்து.

கூட்டம் கலைந்ததும் அந்த இளைஞரிடம் கேட்டேன்: “தேவந்திக்குச் சொன்ன பதிலை இந்தக் கோட்டில் எங்கே வைப்பீங்க தம்பி?”

“அது வெறும் செட்டப் சார்” என்றார், பலகையை அழித்துக்கொண்டே.