தொழுவத்துப் பிள்ளைகள்

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைக் கையில் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் அதனை ஓர் உருவகக் கதையாகவே படித்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தாமே அறிவித்துப் பேனாவை மூடி வைத்தவர் அவர். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின்னரே மீண்டும் எழுத வந்தார். ஆகவே இந்த நாவலில் வரும் ஆடு ஆடன்று, அஞ்சி வாழும் குடிமகள் என்றும், குட்டியின் காதில் துளையிட்டுக் கணக்கில் ஏற்றும் அதிகாரிகளே கதையின் மையம் என்றும் திறனாய்வாளர் பலர் கண்டனர். அந்தப் படிப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அது விரைந்து முடிந்துவிட்ட படிப்பு. உருவகத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நாம் ஆட்டைத் தொலைத்துவிட்டோம் என்பதே என் முறையீடு.

கதையின் தொடக்கத்தை மீண்டும் நோக்குவோம். எங்கிருந்தோ வந்த ஒரு நெடிய மனிதன், பிறந்து ஒரு நாளே ஆன கறுப்புக் குட்டி ஒன்றை ஒரு கிழவனிடம் விலையின்றிக் கொடுத்துச் செல்கிறான். ஏழு குட்டிகள் ஈன்ற தாயின் கடைக்குட்டி அது. பிழைக்குமா என்பதே ஐயம். கிழவி அதற்குப் பூனையை நினைவூட்டும் ஒரு பெயரை இடுகிறாள். இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கிய ஆடாக இருந்தால், வாங்கிய அன்றே அதற்கு ஒரு கணக்குப் பிறந்துவிடும்: இத்தனை மாதத்தில் சினைப்படும், இத்தனைக்கு விற்கும், இல்லையேல் கறிக்குப் போகும். இந்தக் குட்டியோ கணக்கிற்கு வெளியே கிடக்கும் உயிர். பிழைத்தால் வரவு, செத்தால் இழப்பில்லை. அந்தச் சிறு இடைவெளி வழியாகவே கிழவியின் அன்பு உள்ளே நுழைகிறது. ஆடு மாடு வளர்த்த எந்த வீட்டிலும் செல்லப் பிள்ளையாக வளர்ந்தது பெரும்பாலும் தாயிழந்த கன்றோ, நோஞ்சான் குட்டியோதான் என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள்.

இதே தொடக்கம் கடல் கடந்தும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் இ. பி. வைட் 1952இல் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’ என்ற சிறுவர் நாவலில், ஈற்றின் நோஞ்சான் பன்றிக்குட்டியைக் கொல்லக் கோடரியுடன் புறப்படும் தந்தையை எட்டு வயதுச் சிறுமி தடுத்து நிறுத்துகிறாள். பெயரிட்டுப் புட்டிப்பால் ஊட்டி வளர்க்கிறாள். குட்டி தேறியதும் அது ஆறு டாலருக்கு விலைப்படுகிறது. பிள்ளையாக வளர்த்த உயிர் மீண்டும் கணக்கேட்டில் ஏறிவிட்டது. வைட் பண்ணை வைத்து வாழ்ந்தவர். குளிர்காலத்தில் அறுப்பதற்கென்றே வாங்கிய பன்றி நோயுற்றபோது அதற்கு இரவு பகலாகப் பணிவிடை செய்து, இறந்தபின் புதைத்துத் துயருற்றதை 1948இல் ஒரு கட்டுரையாக அவரே எழுதியிருக்கிறார். கொல்லப்போகும் உயிருக்கு ஏன் மருந்து கொடுத்தேன் என்ற கேள்வியின் வெட்கம் அந்தக் கட்டுரையின் அடியில் ஓடுகிறது.

இரு நாவல்களும் பிரியும் இடம் இன்னும் சுவையானது. வைட்டின் கதையில் ஓர் அற்புதம் நிகழ்கிறது: சிலந்தி தன் வலையில் பன்றியைப் புகழ்ந்து சொற்களை நெய்கிறது, ஊரே திரண்டு வந்து பார்க்கிறது, புகழ் பெற்ற பன்றியை இனி யார் அறுப்பார்? அற்புதம் அதனைக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது. பூனாச்சியின் வாழ்விலும் அற்புதம் உண்டு. அவளும் ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள் ஈனுகிறாள்; அவளையும் ஊர் வந்து பார்க்கிறது. ஆனால் இங்கே அற்புதமே உற்பத்தியாகிவிடுகிறது. ஏழு குட்டிகள் என்றால் ஏழு விலை. கிழவிக்கு அவள்மீது இருந்த அன்பு குறைந்துவிட்டது என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. குட்டிகளை விற்கும் கையும் ஊட்டி வளர்த்த கையும் ஒன்றே. அன்பும் விலையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக இருப்பதை இவ்வளவு நேராகக் காட்டிய தமிழ்க் கதைகள் குறைவு. அரசியல் உருவகம் என்று மட்டும் படிப்பவர்க்கு இந்த இடம் கண்ணிற்படுவதே இல்லை.

இதனை உணர்வதற்கு நாம் வாழும் புனே நகரே நல்ல பள்ளி. நம்மில் பலர் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் என வந்தவர்கள். தொழுவத்தை ஊரிலேயே விட்டுவிட்டோம். ஆனால் புனேயைச் சுற்றிய சிற்றூர்கள் பலவற்றில் பாத்ரபத அமாவாசையன்று, அதாவது நாம் மகாளய அமாவாசை என்று முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் அதே நாளில், ‘பைல் போளா’ கொண்டாடுகிறார்கள். (மராட்டியத்தின் பிற பகுதிகளில் இது ஒரு மாதம் முன்னதாகவே சிராவண அமாவாசையில் வந்துவிடும்.) அன்று காளைக்கு நுகமில்லை, குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டிப் பூரண போளி ஊட்டுவார்கள். காளை இல்லாத நகரத்து வீடுகளில் களிமண் காளைகளை வாங்கி வைத்து வழிபடுகிறார்கள். நம் மாட்டுப் பொங்கலின் உடன்பிறப்பு என்றே இதனைச் சொல்லலாம்.

உழவுக்கு டிராக்டர் வந்தபின்பும் இப்பகுதியில் காளை வளர்ப்பு நின்றுவிடவில்லை. வண்டிப் பந்தயத்திற்கென்றே ‘கில்லார்’ இனக் காளைகளைப் பிள்ளைபோல் பேணுபவர் உண்டு. ஜல்லிக்கட்டும் இவ்வண்டிப் பந்தயமும் 2014இல் உச்சநீதிமன்றத்தின் ஒரே தீர்ப்பால் தடைப்பட்டன. 2023 மே 18 அன்று ஐவர் அமர்வின் ஒரே தீர்ப்பால் இரண்டையும் அனுமதிக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லுபடியாயின. உழைப்பின் தேவை நீங்கிய பிறகு விலங்கிடம் எஞ்சுவது பாசமா, உரிமையாளனின் பெருமையா என்ற கேள்வியை அத்தீர்ப்பு தீர்க்கவில்லை. தீர்ப்பது அதன் வேலையும் அன்று.

அந்தக் கில்லார் காளையின் தாயகம் மாண்தேசம் என்னும் வறண்ட நிலம். அந்நிலத்திலேயே பிறந்து, புனே வானொலியில் நெடுங்காலம் பணியாற்றி, 2001இல் இந்நகரிலேயே மறைந்தவர் மராத்தி எழுத்தாளர் வெங்கடேஷ் மாட்கூள்கர். அவருடைய ‘பன்கர்வாடி’ ஆட்டிடையர் சிற்றூர் ஒன்றிற்குப் பள்ளி ஆசிரியனாகச் செல்லும் இளைஞனின் கதை. 1995இல் அமோல் பாலேகர் அதனைத் திரைப்படமாகவும் எடுத்தார். அவ்வூரில் ஆடுகளே செல்வம். பிள்ளைகள் ஆடுகளோடு போய்விட்டால் பள்ளியே வெறிச்சோடிவிடும். இறுதியில் பஞ்சம் வருகிறது; ஆடுகள் அழிய, மனிதரும் ஊரைவிட்டு அகல்கின்றனர். மாட்கூள்கர் எந்த ஆட்டையும் கதைத் தலைவியாக்கவில்லை; அழுகையைத் தூண்டவும் இல்லை. ஆடு போனால் ஊர் போகும் என்ற உண்மையை அடங்கிய குரலில் சொல்லி நகர்கிறார். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யைப் படித்தவர்க்கு இந்த அடக்கம் புதிதாகத் தோன்றாது.

ஆனால் பெயர் என்ற ஒன்று வந்துவிட்டால் அடக்கம் குலைந்துவிடுகிறது. புனே மாவட்டத்தில் ஜுன்னர் வட்டத்து ஆளே என்னும் ஊரில் ஓர் எருமைக் கடாவுக்குச் சமாதி இருக்கிறது. ஞானேசுவரர் பைடணில் வேதம் ஓதச் செய்த கடா அது என்பது மரபு. ‘ஞானா என்ற பெயர் இருந்தால் போதுமா? அதோ போகும் எருமைக்கும் ஞானா என்றுதான் பெயர்’ என்று ஏளனம் செய்தவர்க்கு விடையாகவே அவர் அதனை ஓதச் செய்தாராம். சுமை தூக்கும் விலங்குக்கு மனிதப் பெயர் இருந்தது என்பதே அக்கதையின் முளை. பெயர் ஒன்றாக இருந்ததால் ஆன்மாவும் ஒன்றென்று சொல்ல இடம் கிடைத்தது.

பெயரின் மிகக் கொடிய விளைவை வங்கத்துச் சரத்சந்திரரின் ‘மகேஷ்’ சிறுகதையில் காண்கிறோம். கஃபூர் என்னும் ஏழை முஸ்லிம் நெசவாளி தன் கிழட்டுக் காளைக்குச் சிவபெருமானின் பெயரை இட்டிருக்கிறான். பசுவைப் போற்றும் சாத்திரங்களைப் பேசும் ஊர்ப் பெரியவர் அதற்கு ஒரு பிடி வைக்கோல் தர மறுக்கிறார். மேய்ச்சல் நிலமும் விலையாகிவிட்டது. தன் சோற்றைக் காளைக்குக் கொடுத்துவிட்டு மகளிடம் பொய் சொல்லும் அந்த மனிதனே, பசியும் வெம்மையும் அறிவை மறைத்த ஒரு கணத்தில், கலப்பையின் கட்டையால் அதனை அடித்துக் கொன்றுவிடுகிறான். இரவோடு இரவாகச் சணல் ஆலை வேலைக்குப் புறப்படும்போது, வீட்டிலிருந்த பாத்திரங்களை எடுத்துவர முனையும் மகளைத் தடுக்கிறான். மகேஷின் கொலைக்குப் பரிகாரச் செலவு அவற்றிலிருந்து நடக்கட்டும் என்கிறான். அன்பின் கணக்கையும் அவன் பாக்கி வைக்கவில்லை. இந்தியச் சிறுகதைகளுள் இதற்கு இணை சொல்ல எனக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

நம் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) இதனோடு வைத்துப் படிக்கத்தக்கது. நாம் அதனை வீரத்தின் கதையாகவே பாராட்டிப் பழகிவிட்டோம். தந்தையைக் கொன்ற காரிக் காளையைப் பிச்சி அடக்குகிறான் என்பது கதையின் ஒரு பாதி. மறு பாதி ஜமீன்தாருடையது. தோற்ற காளையை அவர் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். கஃபூரும் கொன்றான், ஜமீன்தாரும் கொன்றார். ஆனால் ஒருவன் இல்லாமையால் கொன்றான், மற்றவர் மானத்தால் கொன்றார். ஜமீன்தார் வளர்த்தது காளையையன்று, தம் பெயரையே என்பது அந்தத் துப்பாக்கி ஒலியில் வெளிப்படுகிறது. செல்லப்பா அதனை விளக்காமல் விட்டது அவருடைய பெருமை.

மீண்டும் பூனாச்சிக்கு வருகிறேன். குறை சொல்லவும் இடம் இருக்கிறது. பூனாச்சி ஒரு கிடாய்மீது காதல் கொண்டு ஏங்கும் பகுதிகளில் ஆசிரியர் ஆட்டுக்குள் ஒரு மனிதப் பெண்ணை நுழைத்துவிடுகிறார்; அங்கே நடை நெகிழ்ந்துபோகிறது. பசி, பால், மடி, காதுத்துளை என்று உடலின் வழியாக அவர் பேசும் இடங்களிலோ ஒரு சொல்லையும் மாற்ற இயலாது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் பால் உறையாததும், எருதின் கண் நீர் சொரிவதும், ஆட்டுக்குட்டி துள்ளாததும் தீங்கின் அறிகுறிகளாக வருகின்றன. அங்கும் விலங்கு பேசவில்லை, உடலே சொல்கிறது. பெருமாள்முருகன் சிறந்து விளங்கும் பக்கங்களில் அந்தப் பழைய வழியிலேயே நடக்கிறார்.

ஒருமுறை நாமக்கல் பக்கத்திலிருந்து எங்கள் பெரியம்மா புனேக்கு வந்து சில வாரம் தங்கியிருந்தார். வெள்ளாடு வளர்த்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாதவர். மாலைதோறும் இந்நாவலை அவருக்குப் படித்துக் காட்டினேன். காது குத்தும் அதிகாரிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் நிற்பதும் அதிகாரிக்கு அஞ்சுவதும் அவருக்குப் புதிய செய்தியே அன்று. குட்டிகளை விற்ற பகுதியைப் படித்து முடித்தபோதுதான் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, ஏழையும் வித்துப்போட்டா மடியில பால் கட்டிக்குமே. அதை ஆரு பீச்சி உட்டாங்க?”