இல்லிக்குடமும் பியாஜேயின் பருவமும்

படிப்பில் பின்தங்கிய பிள்ளை ஒன்றைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு எழுமாயின், மூத்த ஆசிரியர் ஒருவர், "அவன் இல்லிக்குடம்; எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது," என்பார். பயிற்சி முடித்து அண்மையில் வந்த இளையவரோ, "அவன் இன்னும் அந்தப் பருவத்தை எட்டவில்லை, ஐயா," என்பார். முன்னது நன்னூல் வழி வந்த சொல். பின்னது சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே வழி வந்த சொல். இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் உள. எனினும் வகுப்பறையில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. அப்பிள்ளையைப் பற்றி மேலும் ஆராய வேண்டுவதில்லை என்று ஆசிரியரை அமைதி கொள்ளச் செய்கின்றன. இவ்விருவரும் உண்மையில் கூறியது யாது, அது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கரை மூவகையாகப் பகுக்கின்றது. பாலையும் நீரையும் பிரித்து உண்ணும் அன்னமும், நிறைய மேய்ந்து பின் ஓரிடத்திருந்து அசைபோடும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமை. உழவன் முயற்சியளவுக்கே விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததை மட்டுமே சொல்லும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. ஊற்றியதை ஒழுகவிடும் இல்லிக்குடம், இங்கொரு தழை அங்கொரு தழை கடிக்கும் ஆடு, நீரைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கருக்கு உவமை.

இவ்வுவமைகள் கூர்மையானவை. ஒவ்வொன்றும் கற்பவன் எவ்வாறு ஏற்கிறான் என்பதைக் காட்டுகின்றது. எவ்வளவு ஏற்கிறான் என்பதோடு நின்றுவிடவில்லை. எனினும் நன்னூல் யாருக்காக எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எழுத்தும் எண்ணும் அறிந்து, இலக்கணம் பயில ஆசானைத் தேடி வந்த மாணாக்கனே அதன் மனத்திலுள்ளவன். அதனாற்றான் மடியன், பிணியன், துயில்வோன், மந்தன் முதலியோர்க்கு நூல் சொல்லுதல் வேண்டா என்று விலக்கவும் அந்நூலால் முடிந்தது.

நம் பள்ளிகளின் பிறப்பு வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் அவர்களுக்குப் பள்ளி அமைத்தல் வேண்டும் என்றது. அன்று முதல் பால்மரத் தொழிலாளியின் பிள்ளைகள் அனைவரும், பிணியரும் துயில்வோரும் உட்பட, நம் வாயிலுக்கு வந்தவர்களே. இன்று கிள்ளான், பண்டமாரான் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் பல மறைந்து, தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் எழுந்துள்ளன. ஆயினும் வருகின்ற பிள்ளையை விலக்கும் உரிமை நமக்கு இல்லை. விலக்கும் உரிமை உடையவன் வகுத்த பெயரை, விலக்க முடியாதவன் எடுத்து வழங்குதல் பொருந்தாது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. முயற்சியளவுக்கு விளையும் மண்ணை மாணாக்கருள் இடைத்தரமாக வைத்த நன்னூலார், நல்லாசிரியனுக்கு உவமை கூறுங்கால் அதே நிலத்தைத்தான் முதலில் வைக்கிறார். பருவத்திற்கும் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருதலை அதன் மாண்புகளுள் ஒன்றாகச் சொல்கிறார். ஆசிரியனிடத்துச் சிறப்பான குணம் மாணவனிடத்து இடைத்தரமாவது எங்ஙனம்? தொடக்கப் பள்ளி ஆசிரியன் இவ்வரிசையை மாற்றிக்கொள்ளுதல் நன்று. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுள் அன்னத்தைத் தேடுதல் வீண். ஒன்றைத் தொட்டு ஒன்றை விட்டுத் தாவும் ஆட்டின் இயல்பு அவ்வயதிற்கே உரியது. பெரும்பாலான பிள்ளைகள் மண்ணே. விளைவின் பொறுப்பில் பெரும்பங்கு உழவனுடையது.

இனிப் பியாஜேயைக் காண்போம். 1896இல் பிறந்து 1980இல் மறைந்த இவர், இளமையில் பாரிசு நகரில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை நடத்தும் பணியில் ஈடுபட்டார். சரியான விடைகளை எண்ணுவதே அங்கே அவர்க்கு இட்ட வேலை. அவரோ தவறான விடைகளில் மனம் வைத்தார். ஒரே வயதினர் ஒரே வகையாகத் தவறுவதைக் கண்டு, குழந்தை பெரியவரினும் குறைவாக அறிவதன்று, வேறுவகையாக எண்ணுகின்றது என்ற முடிவுக்கு வந்தார். புலன்வழி அறியும் முதல் ஈராண்டு, ஏறத்தாழ ஏழு வயது வரை தோற்றத்திற்கு வசப்படும் பருவம், பன்னிரண்டு அளவும் கைப்பொருளைக் கொண்டு முறைப்பட எண்ணும் பருவம், அதன்பின் பொருளின்றியே கருத்தளவில் எண்ணும் பருவம் என அவர் வகுத்த நான்கும் ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடமாகின்றன.

மனப்பாடம் ஆகாது போவது அவருடைய சோதனையின் உட்பொருள். ஐந்து குன்றிமணி ஒரு வரிசை, அதற்கு நேராக ஐந்து மற்றொரு வரிசை. இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்டபின், ஒரு வரிசையைப் பரப்பி வைத்து மீண்டும் கேட்டால், நீண்ட வரிசையிலேதான் மிகுதி என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும். எண்ணத் தெரிந்த பிள்ளையும் இவ்வாறு சொல்வதுண்டு. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பவனுக்கு எண் விளங்கிவிட்டது என்று கருதும் ஆசிரியரை இச்சோதனை திருத்தும். தவறான விடைக்குப் பின்னும் ஓர் எண்ணம் உண்டு என்று காட்டியதே பியாஜே நமக்குச் செய்த பேருதவி.

ஆயினும் அவர் பருவங்களுக்கு இட்ட எல்லை மாறாததன்று. மார்கரெட் டொனால்ட்சன் என்னும் அம்மையார் 1978இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விளக்குகிறார். வரிசையைப் பெரியவர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடிப்பொம்மை ஒன்று தற்செயலாய்க் கலைத்ததுபோல் நடித்தார்கள். முன்னைவிட மிகப் பலர் "இரண்டும் சமமே" என்றனர். பெரியவர் வேண்டுமென்றே கலைத்து அதே வினாவை மறுமுறை கேட்டால், முன் சொன்ன விடை பிழை போலும் என்று குழந்தை கருதுதல் இயல்பே. பிள்ளையின் அறிவை அளந்தோம் என்று நாம் எண்ணியதில், நம் வினாவின் குறையும் கலந்திருந்தது.

இது தமிழ்ப்பள்ளிக்கு நேரே பொருந்தும். "எவ்வரிசையில் மணிகள் மிகுதியாக உள்ளன?" என்று ஏட்டுத் தமிழில் கேட்டால் வாய் திறவாத பிள்ளை, "எதுல நெறைய இருக்கு?" என்றால் உடனே விடை சொல்லும். வீட்டில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ், அதனோடு தேசிய மொழி, ஆங்கிலம் என நான்கிற்கு இடையே நிற்கும் பிள்ளையின் மௌனத்தைப் பருவக்குறை என்று எழுதிவிடலாமா? 1985இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிரேசில் நாட்டு ரெசீபெ நகரில் தெருவில் தேங்காய் முதலியன விற்கும் சிறுவர்களை ஆராய்ந்தனர். விற்குமிடத்தில் ஏறக்குறைய எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட அதே சிறுவர்கள், தாளில் எழுதிக் கொடுத்த வெறுங்கணக்கில் பெரும்பாலும் தவறினர். கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கிவரும் நம் பிள்ளை கழித்தல் கணக்கில் சுழியம் வாங்கினால், முதலில் ஐயுற வேண்டுவது கணக்கைக் கொடுத்த முறையையே.

பியாஜே பிறந்த அதே ஆண்டில் பிறந்து, 1934இல் காசநோயால் இளமையிலேயே மறைந்த உருசிய அறிஞர் வைகாட்ஸ்கி வேறோர் அளவைத் தந்தார். தனித்துச் செய்யும் சோதனையில் இரு பிள்ளைகள் எட்டு வயதுக்குரிய அறிவு உடையவராய்த் தோன்றுகின்றனர் என்க. சிறிது துணை செய்தால் ஒருவன் ஒன்பது வயதுக்குரிய கணக்கைப் போடுகிறான். மற்றவன் பன்னிரண்டு வயதுக்குரியதைப் போடுகிறான். இவர்கள் இருவரும் சமமா என்பது அவர் வினா. பிள்ளை தனியே செய்வது நேற்றைய வளர்ச்சி, துணையோடு செய்வது நாளைய வளர்ச்சி என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்விடத்தில் நன்னூல் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. ஆசான் சொன்னதை முழுதும் ஏற்றவனும் காற்பங்கே பெறுவான், உடன் கற்போரொடு பழகிக் காற்பங்கு பெறுவான், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் பெறுவான் என்பது அதன் கணக்கு. மாணவன் ஏற்குமாறு அறிந்து கற்பிக்க வேண்டும் என்றும் அது ஆசானுக்கு விதி செய்கின்றது. இவற்றைக் காட்டி, வைகாட்ஸ்கி சொன்னதெல்லாம் நம் முன்னோர் சொன்னதே என்று சிலர் மேடையில் முழங்குவர். அது நன்னூலுக்குப் பெருமை சேர்க்காது. நன்னூல் கூறுவது கேட்ட பாடம் நிலைபெறும் வழி. வைகாட்ஸ்கி கூறுவது இன்னும் முளைக்காத ஆற்றலைத் துணை கொடுத்து முளைப்பிக்கும் வழி. இரண்டும் வேறு. எனினும் கல்வி பலர் கூடிச் செய்யும் தொழில் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. மாணவர் தொகை குறைந்து, இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் சிறு பள்ளிகளுக்கு இது வழிகாட்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுக்குங்கால், சின்னவன் துணை பெறுகிறான். பெரியவன் அரைப்பங்கு பெறுகிறான்.

2010இல் அரசாங்கம் தொடங்கிய லினுஸ் திட்டம், முதல் மூன்றாண்டுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுதல் வேண்டும் என்றது. இல்லிக்குடம் என்று எவரையும் தள்ளாத நோக்கம் அது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டது. தேர்வு போனாலும் பதிவேடு போகவில்லை. அப்பதிவேட்டில் ஆசிரியர் எழுதும் ஒரு சொல் அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் பிள்ளைக்கு முன்பே போய்ச் சேர்கின்றது. 'மந்தம்' என்ற சொல்லைக் கண்ட ஆசிரியர் அப்பிள்ளையிடம் எளிய வினாவையே கேட்பார். எளிய வினாவையே கேட்கப்பெற்ற பிள்ளை ஆண்டிறுதியில் மந்தமாகவே காணப்படும்.

ஆதலின் தமிழாசிரியர்கள்பால் யான் வேண்டுவது சிறிதே. பதிவேட்டில் வகையையும் பருவத்தையும் எழுதுவதோடு நில்லாமல், "தனியே இரண்டெழுத்துச் சொல் படிக்கிறான், படம் காட்டினால் நான்கெழுத்துச் சொல்லும் படிக்கிறான்," என்பது போல எழுதுதல் வேண்டும். அவ்வொரு வரி, அடுத்த ஆசிரியர்க்குத் தொடங்கும் இடத்தையும் கொடுக்க வேண்டிய துணையையும் ஒருங்கே காட்டும். எழுதுமுன் பிள்ளையின் காதும் கண்ணும் காலைப் பசியாற்றலும் செம்மையாக உளவா என்று பார்த்தல் அதனினும் முன்னது. குடத்தில் ஓட்டை என்று சொல்லுமுன், ஊற்றியது குடத்தில்தான் விழுந்ததா என்று பார்ப்பது ஆசிரியன் கடன்.