பக்கம் யாருடையது?

ஒரு பிரதியில் பேசுவது யார் என்ற கேள்வியை இலக்கியத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறோம். 2024 மார்ச் 15 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அதே கேள்விக்குச் சட்டத்தின் பெயரால் ஒரு பதில் சொன்னது. அந்தத் தீர்ப்பையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹ்யூரன் என்றொரு ஊர். நகர மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட். அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் மகள் படம், நாய் படம், நடுவே நகராட்சி சமாச்சாரம் எல்லாம் கலந்து கிடக்கும். கொரோனா காலத்தில் நகராட்சி நோயைக் கையாளும் லட்சணத்தைக் கண்டித்து ஊர்க்காரர் ஒருவர் அங்கே எழுதினார். மேயரோடு போய் ஹோட்டல் சாப்பாடு வாங்கிய படம் வந்தபோது, ஜனங்கள் கஷ்டப்படுகிற நேரத்தில் இதுவா என்று கேட்டார். ஃப்ரீட் முதலில் கருத்துகளை அழித்தார். பிறகு ஆளையே பிளாக் செய்தார்.

ஏமி கோனி பாரெட் எழுதி, ஒன்பது நீதிபதிகளும் ஒப்பிய தீர்ப்பு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு மெய்யாகவே இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தில்தான் பேசுவதாக அவர் காட்டிக்கொண்டிருக்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பிளாக் செய்தது அரசின் செயல். இல்லையென்றால் அது அவர் வீட்டுத் திண்ணை. யாரையும் எழுந்து போகச் சொல்லலாம்.

முதல் நிபந்தனைதான் எனக்கு இடிக்கிறது. அதிகாரத்தின் ஊற்றைச் சட்டத்திலும் விதியிலும் வழக்கத்திலும் தேடு என்கிறது அது. பார்த்தைப் படித்துவிட்டு ஆசிரியன் செத்துப்போனான் என்று நாம் கொட்டடித்தோம். அவன் என்னடாவென்றால் நீதிமன்றத்தில் பத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறான். 'இது என் சொந்தப் பக்கம்' என்று ஒரு வரி போட்டுவைத்தால் அதிகாரிக்குச் சாதகமான வலுவான அனுமானம் வேறு.

வாசிக்கிறவன் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டா வாசிக்கிறான்? எங்கள் வார்டு உறுப்பினர் தண்ணீர் வரும் நேரத்தைத் தன் சொந்தக் கணக்கில்தான் போடுவார். உடைந்த குழாய் பற்றி இரண்டு வரி எழுதினேன், பிளாக். இப்போது பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுத்தான் குடம் வைக்கிறோம். அமெரிக்கத் தீர்ப்பு எங்கள் தெருவைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அந்தக் கணக்கு அரசுடையதா அவருடையதா என்பதை அந்தக் குடத்தை விட்டுவிட்டு எப்படித் தீர்மானிப்பது?

கலிபோர்னியாவில் பள்ளிக் குழு உறுப்பினர்கள் சம்பந்தப்பட்ட இணை வழக்கில், ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பக்கம் பார்வைக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அதிக எடை கொடுத்திருந்தது. அது போதாது என்றது உச்சநீதிமன்றம். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு நியாயமும் இல்லாமலில்லை. விமர்சித்த பெற்றோர் ஒருவர் பத்து நிமிஷம் போல ஒரே பதிலை 226 முறை போட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பேன்.

ஆனால் அழிப்பதும் பிளாக் செய்வதும் ஒன்றல்ல. இதைத் தீர்ப்பே கவனித்திருக்கிறது. அழித்தால் அந்தந்தப் பதிவை மட்டும் பார்த்தால் போதும். பிளாக் செய்தால் அவர் கருத்துச் சொல்ல நினைத்த எல்லாப் பதிவுகளும் கணக்கில் வரும். எங்கள் உறுப்பினருக்கு என் இரண்டு வரி மேல்தான் கோபம் என்றால் அதை அழித்திருக்கலாம். தண்ணீர் நேரத்தையும் சேர்த்து மறைத்திருக்க வேண்டியதில்லை.