ஆண்டாளும் ஆங்கில 'வீ'யும்

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் ப்ரோநவுன் அட்டவணை பார்த்திருப்பீர்கள். அதில் 'வீ'க்கு நேரே 'நாம், நாங்கள்' என்று ஒரு காற்புள்ளி போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் காற்புள்ளியோடுதான் எனக்குச் சண்டை.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "நாங்க இறங்கணும்" என்றால் நீங்கள் வழிவிட்டால் போதும். "நாம இறங்கணும்" என்றால் நீங்களும் பையை எடுக்கணும். இராஜபாளையத்து ராஜுக்கள் பேசும் தெலுங்கிலும் இது உண்டு: மேமு, மனமு. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு எந்தத் தாய்மொழியானாலும் தெரிந்த ஒரு பேதம், ஆங்கில பீரியடில் காணாமல் போகிறது.

திருப்பாவையின் 30 பாசுரங்களை ஆங்கிலத்தில் படிக்கும்போது இந்த இழப்பு உறைக்கும். வித்யா தெஹேஜியா (1990), அர்ச்சனா வெங்கடேசன் (2010) போன்றவர்கள் கவனமாக மொழிபெயர்த்தவர்கள்தான். ஆனால் மொழியே தராத சொல்லை அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? தோழியரோடு பேசும்போது ஆண்டாள் 'நாம்' என்கிறாள். 24-ஆம் பாசுரத்தில் கண்ணன் முன் நின்று 'யாம்' என்கிறாள். பழந்தமிழில் யாம் என்றால் கேட்பவன் அதில் சேர்த்தி இல்லை. வாசலில் நிற்பவர்கள் ஒருபுறம், அவன் மறுபுறம். 'வீ' இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அதே பாசுரத்தில் இன்னொன்று. ஆறு 'போற்றி'. அடி, திறல், புகழ், கழல், குணம் என்று முதல் ஐந்தும் ஒரே வார்ப்பு: 'ஆய்' என்று முடியும் விளி, பிறகு ஒரு பெயர், பிறகு போற்றி. ஆறாவதில் அந்த விளி கிடையாது, நேரே கையிலுள்ள வேலுக்குப் போய்விடுகிறாள். 'சிங்கிங், டான்சிங் அண்ட் டு ஸ்விம்' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்களே, பேரலல் ஸ்ட்ரக்சர் தப்பு என்று, அந்தக் கணக்கில் இதுவும் தப்பு. எனக்கோ அந்த முறிவில்தான் பாட்டு நிற்கிறது. ஐந்தும் அவன் முன்பு செய்தவை. வேல் இப்போது கண்ணெதிரே இருப்பது.

என் வாதத்துக்கு இடைஞ்சலும் ஆண்டாளிடமே இருக்கிறது. 29-ஆம் பாசுரத்தில் கண்ணனிடமே பேசிக்கொண்டு 'நாம்' என்கிறாள். விதிப்படி பார்த்தால் அவனும் அதில் சேரணும். ஆனால் அவனுக்கு அவனே ஆட்செய்வானா? அந்தக் காலத்திலேயே இந்தப் பிரிவு நெகிழத் தொடங்கியிருக்கலாம். நான் அப்படி வாசிப்பதில்லை. 'உனக்கே' என்பதை அவனிடம் சொல்லிவிட்டு, 'நாம்' என்னும்போது தோழியர் பக்கம் திரும்புகிறாள் என்றே எனக்குப் படுகிறது.