கட்டைவிரலும் சம்மதமும்

கண்டமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி ஓட்டக்காரி ஒருத்தி சொன்னாள்: “கோச் சொன்னா அப்புறம் பேச்சே இல்லண்ணே.” இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் குருபக்தி. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட துரோணர் பெயரில்தான் 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு அரசு விருது, தற்செயலா என்ன?

அணித்தேர்வு, சான்றிதழ், ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு எல்லாம் ஒரே ஆள் பிடியில். உடலும்தான். சென்னைத் தடகளப் பயிற்சியாளர் பி. நாகராஜன்மேல் 2021இல் எழுந்த புகார், பிசியோதெரபி என்ற பெயரில் தொட்டார் என்பது. அவர் போக்சோவில் கைதான பின்பே மற்றவர்களும் வாய் திறந்தார்கள்.

பதினெட்டைத் தாண்டிய கல்லூரி மாணவிக்குப் போக்சோ கிடையாது. ‘ரெண்டு பேருக்கும் சம்மதம்’ என்ற சொல்லாடல் நுழைவது அங்கேதான். மறுத்தால் அணியில் பெயர் இருக்காது என்று தெரிந்தவள் தருவது சம்மதமா? 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மைதானத்தையும் பணியிடம் என்கிறது. நம்ம பக்கத்து மைதானம் எதிலும் புகார்க்குழுவின் பலகையை நான் பார்த்ததில்லை.