மரபணு வெளிப்பாட்டுக் கலைச்சொற்களின் பொருளெல்லை: ஒரு திறனாய்வு

முன்னுரை

டி.என்.ஏ.விலிருந்து புரதம் உருவாகும் நிகழ்வைப் படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, வெளிப்பாடு ஆகிய சொற்களால் அறிவியல் தமிழ் விளக்குகிறது. இவை எவற்றை விளக்குகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருத்தமும் பொருந்தாமையும்

சுவடியைப் பார்த்துப் படியெடுக்கும்போது மூலம் தன் இடத்திலேயே இருக்கிறது. படியே பயன்பாட்டிற்குச் செல்கிறது. அவ்வாறே டி.என்.ஏ. மாறாதிருக்க, அதன் படியான தூது ஆர்.என்.ஏ. ரைபோசோமை அடைகிறது. எனவே படியெடுத்தல் என்பது பொருத்தமான சொல்லே.

மொழிபெயர்ப்பு என்பதோ அத்துணைப் பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்களைத் தேரும் உரிமை உண்டு. ரைபோசோமுக்கு அஃது இல்லை. 64 கோடான்களுள் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன; எஞ்சிய 3 முடிவைக் குறிக்கின்றன. ஓர் அமினோ அமிலத்திற்குப் பல கோடான்கள் இருக்கலாம். ஆயின், ஒரு கோடான் பொதுவாக ஓர் அமினோ அமிலத்தையே குறிக்கும். எந்த மரபணு, எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதிலேயே செல்லின் தேர்வு பெரிதும் அமைகிறது.

வெளிப்பாடு என்னும் சொல் இத்தேர்வை மறைக்கிறது. உள்ளிருப்பது தானே வெளிவருவதாகத் தோன்றச் செய்கிறது. 1961இல் ஜேக்கப், மோனோ ஆகியோர் முன்வைத்த ஓபரான் கருத்து இத்தோற்றத்தை மறுக்கிறது. லாக்டோஸ் இல்லாதபோது, எ.கோலை பாக்டீரியாவில் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிப் படியெடுத்தலைத் தடுக்கிறது. லாக்டோஸ் கிடைத்ததும், அதிலிருந்து தோன்றும் அல்லோலாக்டோஸ் அடக்கியோடு இணைய, தடை நீங்குகிறது. குளுக்கோஸும் உடனிருப்பின் படியெடுத்தல் குறைவாகவே நிகழும். வெளிப்பாடு என வழங்குவது உண்மையில் சூழலுக்குச் செல் அளிக்கும் மறுமொழியாகும்.

எழுத்தும் ஆட்சியும்

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. மரபணுவைத் தலையெழுத்தாகக் கருதும் போக்கிற்கு அரிவாள் செல் நோய் சான்றாகக் காட்டப்படலாம். பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே காரம் மாறுவதால் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் அமைகிறது. அதனால் நோய் தோன்றுகிறது. ஆயினும், கருநிலை ஹீமோகுளோபின் பிறந்த பின்னும் மிகுதியாகத் தொடர்பவர்களுக்கு நோயின் கடுமை குறைகிறது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த கிரிஸ்பர் மருத்துவ முறை இதனையே பயன்கொள்கிறது. அம்முறை பிழைபட்ட எழுத்தைத் திருத்துவதில்லை. கருநிலை ஹீமோகுளோபினை அடக்கும் பி.சி.எல்.11ஏ மரபணுவின் செயற்பாட்டைக் குருதியாக்கச் செல்களில் குறைக்கிறது. எழுத்து அவ்வாறே இருக்க, ஆட்சி மாறுகிறது.

முடிவுரை

இக்குறை தமிழாக்கத்தால் நேர்ந்ததன்று. ஆங்கில மூலச்சொற்களிலேயே உள்ளது. நிலைபெற்ற சொற்களை மாற்ற வேண்டுவதில்லை. எனினும், படியெடுத்தலைக் கற்பிக்கும் இடத்திலேயே மரபணு ஒழுங்குபாட்டையும் இணைத்துக் கற்பித்தல் இன்றியமையாதது. அவ்வாறு கற்பவர், மரபணுச் சோதனை முடிவைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஆராய்தற்குரிய செய்தியாகக் கொள்வர்.